80 வயது தாண்டியவர்களின் வாழ்க்கைத் தரம்: எந்தக் கேள்வித்தாள் சரிப்படும்?

தேனிக்காரி:
வணக்கம். ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமங்களில் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை செய்கிறேன். மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கொஞ்சம் உடற்பயிற்சி, மற்றபடி பேச்சுத்துணை. நிதி தருபவர்கள் இந்த ஆண்டு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘வாழ்க்கைத் தர மதிப்பெண்’ எடுத்து அனுப்ப வேண்டும். ஒரே எண்ணாக இருக்க வேண்டும். எண் ஏறினால் பணம் தொடரும் என்பதை நேராகச் சொல்லவில்லை, ஆனால் புரிகிறது.

அவர்கள் அனுப்பியது ஈகியூ-5டி படிவம். நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை என்று ஐந்து கேள்விகள். கடைசியில் 0 முதல் 100 வரை ஒரு கோடு, அதில் இன்றைய உடல்நிலை எங்கே என்று காட்டச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் இருப்பவர்களில் பெரும்பாலோர் 80 முதல் 95 வரை. இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு இருக்கும் ஓர் ஆச்சிக்கு இந்தப் படிவத்தில் அடிமட்ட மதிப்பெண்தான் வரும். அவரிடம் கேட்டால் ‘எனக்கு என்ன குறை, பேரன் பொண்டாட்டி தங்கமா பாக்குறா’ என்கிறார். தெருமுனையில் இன்னொருவர் இருக்கிறார். தானே தண்ணீர் எடுத்துவருகிறார், ரேஷன் கடைக்கு நடந்தே போகிறார். படிவப்படி அவர் நன்றாக இருக்கிறார். வாயைத் திறந்தால் ‘எப்பத்தான் கூப்பிடுவானோ’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இந்த இருவரையும் இந்தப் படிவத்தால் அளந்து என்ன பயன்?

பார்த்தல் (Barthel என்பவர் பெயரில் உள்ள) அட்டவணை, உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவம், முதியோர் மனச்சோர்வு அளவுகோல் எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். களத்தில் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

பிசியோ பாண்டி:
பார்த்தலை விட்டுவிடாதீர்கள் மேடம். 1965-லிருந்து உலகம் பூராவும் ஓடுகிற படிவம். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, மலம் சிறுநீர் கட்டுப்பாடு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று பத்து விஷயம், மொத்தம் 100. ஒருவர் 35-லிருந்து 55-க்கு வந்தால் நம் வேலை கண்ணுக்குத் தெரியும். இன்னும் சுருக்கமாக வேண்டுமென்றால் கட்ஸ் அட்டவணை, 1963-ல் வந்தது, ஆறே விஷயம்.

ஒரு குறை உண்டு. பார்த்தலில் மாடிப்படி ஏறுவதற்குத் தனி மதிப்பெண். நம் ஊர் ஓட்டு வீட்டில் மாடி எங்கே? கழிப்பறை கேள்வியும் அப்படித்தான். வீட்டுக்குப் பின்னால், முழங்கால் உயரப் படி வைத்துக் கட்டியிருப்பார்கள். கிழவிக்கு மதிப்பெண் குறைவது அந்தப் படியால். இரண்டு செங்கல் வைத்து ஒரு கைப்பிடி அடித்துக்கொடுத்தால் ஐந்து மார்க் ஏறிவிடும். நான் செய்திருக்கிறேன்.

கணக்கு வாத்தியார்:
பாண்டி தம்பி சொன்னது சரி. ஆனால் அது உடல் எவ்வளவு இயங்குகிறது என்பதன் அளவு. வாழ்க்கைத் தரம் என்ற பெயரை அதற்கு ஒட்டக்கூடாது. ஆய்வுத் துறையிலேயே இந்தக் குழப்பம் ரொம்ப நாளாக இருக்கிறது. நான் கொஞ்ச காலம் பெரிய கணக்கெடுப்புகளில் வேலை செய்தவன் என்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்தில் லைடன் என்ற நகரம். 1912 முதல் 1914 வரை பிறந்தவர்களை, 85 வயது நிறைந்ததும், வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். 1997-ல் தொடங்கிய வேலை, மொத்தம் 599 பேர். இயக்கம், நினைவாற்றல், மனநிலை, உறவுகள், நலவுணர்வு எல்லாவற்றையும் அளந்து, ‘நல்லபடியாக மூத்தவர்கள்’ எத்தனை பேர் என்று கணக்குப் போட்டார்கள். எல்லா அளவிலும் தேறியவர்கள் 58 பேர், அதாவது 10 சதவீதம். ஆனால் பிரித்துப் பாருங்கள். உடல், நினைவாற்றல், உறவுகள் எல்லாம் சேர்ந்த மொத்தச் செயல்பாட்டில் முழுமையாகத் தேறியவர்கள் 13 சதவீதம், நலவுணர்வில் தேறியவர்கள் 45 சதவீதம். இடையில் இவ்வளவு பெரிய பள்ளம்.

அதோடு விட்டிருந்தால் ‘கிழடுகளுக்குக் கேள்வி புரியவில்லை’ என்று மூடியிருப்பார்கள். மார்கரெட் வான் ஃபாபர் என்ற மானுடவியலாளர் அவர்களில் 27 பேரோடு உட்கார்ந்து பேசினார். அந்த முதியவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: நன்றாக மூப்பது என்பது போய்ச் சேருகிற ஓர் இடம் இல்லை, ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்போது அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது. உடம்பும் நினைவாற்றலும் முக்கியம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மனநிறைவையும் மனிதர்களோடு உள்ள உறவையும் அவற்றுக்கு மேலே வைத்தார்கள். 2001-ல் வெளியான கட்டுரை அது.

இங்கிலாந்தில் நியூகாசில் ஆய்வும் இதே மாதிரி. 1921-ல் பிறந்தவர்கள், 2006-ல் 85 வயது. ஆண்களுக்குச் சராசரியாக நான்கு நோய், பெண்களுக்கு ஐந்து. உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் உங்கள் ஆரோக்கியம் எப்படி என்று கேட்டதற்கு, நான்கில் மூன்று பேருக்கும் மேல் ‘நன்று’ அல்லது அதற்கும் மேல் என்றார்கள்.

ஆகவே உங்கள் கட்டில் ஆச்சி விதிவிலக்கு இல்லை. இந்த வயதில் அவர்தான் வாடிக்கை.

ஈகியூ-5டி பற்றி ஒரு விஷயம். ஐந்து பதில்களை ஒரே எண்ணாக்க அதில் ஒரு மதிப்புப் பட்டியல் உண்டு. ‘படுத்த படுக்கை, கடும் வலி’ என்ற நிலைக்கு எவ்வளவு மதிப்பு என்று முடிவு செய்தது யார் தெரியுமா? பொதுமக்கள். பெரும்பாலும் எழுந்து நடமாடுகிறவர்கள், அந்த நிலையைக் கற்பனை செய்து பார்த்துச் சொன்னது. பிரிட்டனின் பழைய பட்டியலில் சில நிலைகளுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே மதிப்பு, அதாவது சாவைவிட மோசம். இந்தியாவுக்கும் இப்போது தனிப் பட்டியல் வந்திருக்கிறது, வழிமுறை அதேதான். மருந்துச் செலவு நியாயமா என்று அரசு கணக்குப் பார்க்க அது உதவும். ஆண்டிபட்டி ஆச்சி எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அது செய்யப்படவில்லை.

சரோஜா கோவை:
என் மாமியாருக்கு 91. போன மாதம் வீட்டுக்கு ஒரு செவிலியர் வந்து இதே மாதிரி ஏதோ படிவம் நிரப்பினார். நான் பக்கத்தில் காபி டம்ளரோடு நிற்கிறேன். ‘பாட்டி, உங்களை நல்லா கவனிச்சுக்கிறாங்களா?’ என்று கேட்கிறார். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘ராணி மாதிரி வெச்சிருக்கா’ என்றார். அந்தப் பெண் டிக் அடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் எதிர் வீட்டு அம்மாவிடம் மாமியார் சொன்னது வேறு கதை. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும் :)

எவ்வளவு பெரிய ஆராய்ச்சிப் படிவமாக இருந்தாலும் மருமகளைப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டால் அவ்வளவுதான்.

தேனிக்காரி:
சரோஜா அக்கா, நூற்றுக்கு நூறு. கிராமத்தில் தனியாகப் பேசுவது லேசில்லை. நாம் போனதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரை திண்ணையில் கூடிவிடும். நாங்கள் இரண்டு பேராகப் போகிறோம். ஒருவர் வீட்டாரை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டு மாத்திரைச் சீட்டைச் சரிபார்ப்பார், மற்றவர் ஆச்சியிடம் பேசுவார். காது மந்தமானவர்களிடம் அதுவும் நடக்காது. சத்தமாகக் கேட்டால் தெருவுக்கே கேட்கும்.

வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதியதை எங்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டப்போகிறேன். ஆனால் எதை எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லையே.

நிர்வாகி:
செவிக்கருவி விற்பனைப் பதிவு ஒன்று நீக்கப்பட்டது. தலைப்போடு தொடருங்கள்.

யாழ் தென்றல்:
நான் யாழ்ப்பாணம், இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இங்கே கென்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய அஸ்காட் (ASCOT) என்ற கேள்வித்தாள் இருக்கிறது. எட்டு விஷயம் பார்ப்போம். அன்றாட வாழ்வில் தன் விருப்பப்படி முடிவெடுக்க முடிகிறதா, சுத்தமாக வசதியாக இருக்கிறாரா, சாப்பாடும் குடிக்கத் தண்ணியும், பாதுகாப்பு, மனிதரோடு பழகுவது, பொழுது போவது, இருக்கிற இடம், மரியாதை.

பார்த்தலில் ‘நீங்களாகக் குளிப்பீர்களா’ என்று கேள்வி. இதில் ‘நீங்கள் விரும்புகிற மாதிரி சுத்தமாக இருக்கிறீர்களா’ என்றுதான் கேள்வி. யார் குளிப்பாட்டினாலும் பரவாயில்லை. 93 வயதில் ஒருவர் தானாகக் குளிக்கத் தொடங்கமாட்டார், ஆனால் நாங்கள் வடிவாகச் செய்தால் இந்த மதிப்பெண் ஏறும். உங்களுடைய வேலைக்கு இது பொருந்தும் அக்கா.

கதைக்க முடியாதவர்களை நாங்கள் இருந்து கவனிப்போம். சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கிறார், ஆரும் கிட்ட வந்தால் முகம் எப்படிப் போகுது என்று. பிறகு குடும்பத்தவரையும் ஊழியரையும் தனித்தனியாகக் கேட்பார்கள். மூன்றும் ஒத்துப்போகாத நாட்கள்தான் கூட.

வழிப்போக்கன்:
எல்லோரும் ‘படுக்கையில் இருந்தாலும் சந்தோஷம்’ என்ற கதையில் மயங்கிவிட்டீர்கள் போல. எனக்கு அது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அமர்த்தியா சென் 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியதை நினைத்துப் பாருங்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று இந்தியாவிலேயே அதிகம் சொல்வது கேரள மக்கள். பீகாரில் ரொம்பக் குறைவு. ஆயுளைப் பார்த்தால் தலைகீழ். அமெரிக்காவில் கேரளத்தைவிடவும் அதிகமாகச் சொல்கிறார்கள். படிப்பும் மருத்துவ வசதியும் இருக்கிற இடத்தில்தான் மனிதனுக்குத் தன் நோய் நோயாகத் தெரிகிறது. இல்லாத இடத்தில் ‘வயசானா இப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறான்.

ஆண்டிபட்டி ஆச்சி ‘எனக்கு என்ன குறை’ என்பது மனநிறைவா, வேறு எதையும் வாழ்க்கையில் கண்டதில்லை என்பதா? கண்புரைக்கு அறுவை செய்தால் பார்வை வரும் என்றே தெரியாத ஒருவர், பார்வை மங்கலைப் பற்றிக் குறை சொல்லமாட்டார். நீங்கள் அதை ‘நிலைமையை ஏற்றுக்கொண்டார்’ என்று எழுதிக்கொள்வீர்கள். நாளைக்கு யாராவது அதிகாரி இதைப் பார்த்துவிட்டு, முதியவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள், உதவித்தொகையை ஏன் உயர்த்த வேண்டும் என்பார். முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே மாதம் 200 ரூபாய், 80-க்கு மேல் 500. எத்தனையோ ஆண்டாக அதே தொகை. மாநிலம் மேலே போட்டுத்தான் 2023-ல் இங்கே 1,200 ஆனது. ‘சந்தோஷ மதிப்பெண்’ உயர்வாக இருக்கிற ஊரில் அந்த 200 என்றைக்கு 300 ஆகும்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உங்கள் பக்கம் என்பதால் சொல்கிறேன். முடியாத முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவைக்கும் தலைக்கூத்தல் பற்றி விருதுநகர் வட்டாரத்திலிருந்து 2010-ல் செய்திகள் வந்தன. மதுரை, தேனிப் பக்கமும் அந்தப் பேச்சு உண்டு என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் ‘தங்கமா பாக்குறா’ என்ற பதிலை அப்படியே எழுதிக்கொண்டு வருவது சரியா?

தேனிக்காரி:
அந்தப் பேச்சு எங்களுக்குத் தெரியும். அதனால்தான் எந்த வீட்டுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாம் முறை போவது என்று வைத்திருக்கிறோம். உடம்பைப் பார்ப்போம், படுக்கைப்புண், நாக்கு வறட்சி, எடை. எடை குறைந்துகொண்டே வந்தால் வாய் என்ன சொன்னாலும் கேள்வி கேட்போம். கட்டில் ஆச்சிக்குப் புண் இல்லை, எடை நிலையாக இருக்கிறது, தலையில் எண்ணெய் வைத்துச் சீவியிருக்கிறது. அவர் சொல்வதை நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது.

கணக்கு வாத்தியார்:
வழிப்போக்கன் சொல்வது பலமான வாதம். பாதிதான் ஏற்கிறேன்.

சென்னின் வாதம், வெளியிலிருந்து அளக்கக்கூடிய விஷயங்களுக்குப் பொருந்தும். கண்புரை இருக்கிறதா என்று ஆச்சியின் திருப்தியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, டார்ச் அடித்துப் பார்க்கலாம். உதவித்தொகை போதுமா என்பதை அரிசி, மாத்திரை விலையை வைத்துக் கணக்குப் போடலாம். அதற்கெல்லாம் ‘நீங்கள் சந்தோஷமா’ என்ற கேள்வியைப் பயன்படுத்துவதுதான் தப்பு. ஆனால் அதற்காக, ஆச்சி தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வது வெறும் பழக்கதோஷம் என்று தள்ளிவிடவும் முடியாது. லைடன் முதியவர்கள் ஓய்வூதியமும் மருத்துவமும் கிடைக்கிற நாட்டில் வாழ்ந்தவர்கள். அவர்களிடமும் அதே பள்ளம் இருந்ததே? வேறு வாழ்க்கை தெரியாததால் என்று அவர்களைச் சொல்ல முடியாது.

அதனால்தான் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள் என்கிறேன். கூட்டினால் இரண்டு பக்கமும் பொய்யாகும். உடம்பு 30, மனம் 80, சராசரி 55 என்று எழுதினால் அந்த 55 யாருடையது? கட்டில் ஆச்சியும் ரேஷன் கடை ஆச்சியும் தாளில் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஒருவருக்குத் தேவை காற்று மெத்தை, இன்னொருவருக்குத் தேவை ஒரு மனுசத் துணை.

மனச்சோர்வு அளவுகோல் பற்றி எச்சரிக்கை. 15 கேள்வி, ஆம் அல்லது இல்லை, நல்ல கருவிதான். ஆனால் கேள்விகளைப் பாருங்கள். நிறைய வேலைகளையும் ஈடுபாடுகளையும் விட்டுவிட்டீர்களா? வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்க விரும்புகிறீர்களா? மற்றவர்களைவிட ஞாபகக் குறைவு அதிகமா? 65 வயதில் இதற்கெல்லாம் ஆம் என்றால் யோசிக்க வேண்டும். 92-ல், முட்டி போனவர் வீட்டில் இருக்கத்தான் விரும்புவார். இந்த மூன்றுக்கும் ஆம் விழுந்தாலே, ஐந்து வந்தால் சந்தேகம் என்ற வரம்புக்குப் பாதி தூரம் போயாயிற்று. ஆகவே மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் எந்தக் கேள்விக்கு ஆம் விழுந்தது என்று பாருங்கள். ‘வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா’, ‘நம்பிக்கையே இல்லையா’ என்ற இடங்களில் ஆம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

லாட்டன் என்ற அமெரிக்கர் செய்த பிலடெல்பியா மனத்தெம்பு அளவுகோல் இந்த வயதுக்குப் பரவாயில்லை. 1975-ல் திருத்தியது, 17 கேள்வி. மனப்பதற்றம், தன் முதுமையை எப்படிப் பார்க்கிறார், தனிமை என்று மூன்று பகுதி. சுவீடன், பின்லாந்தில் 85-க்கு மேற்பட்டவர்களிடம் அதைத்தான் பயன்படுத்தினார்கள். இதுவும் ஆம், இல்லைதான். ஏழு படி பதில் வைத்த படிவங்களைத் தூக்கிப் போடுங்கள். ‘ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்’, ‘சற்றே ஒப்புக்கொள்கிறேன்’ என்று காது கேட்காத 90 வயதுக்காரரிடம் ஏழு தடவை கத்தினால், நான்காவது தடவையில் ‘நீயே எழுதிக்கோ தாயி’ என்பார்.

பிசியோ பாண்டி:
சார், அந்த 0 முதல் 100 கோட்டுக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். வலி எவ்வளவு என்று பத்துக்குள் எண் கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. ‘பாட்டி, முழு வலி ஒரு ரூபாய் என்றால் இன்னைக்கு எத்தனை அணா?’ என்பேன். டக்கென்று ‘பத்தணா’ என்பார்கள். மருந்து கொடுத்து ஒரு வாரம் கழித்துப் போனால் ‘ஆறணாவுக்கு எறங்கிருக்கு’. ஒரு தாத்தா ‘மூணே காலணா’ என்றார். அவ்வளவு துல்லியம்!

கணக்கு வாத்தியார்:
தம்பி, பிரமாதம். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அதற்கு முன்பே கடைக்குப் போய் உப்பு, புளி வாங்கிப் பழகியவர்களுக்குப் பதினாறு படி என்பது மனசுக்குள்ளேயே இருக்கிறது. இன்றைக்கு 80 தாண்டியவர்களுக்குச் சரியாக வரும். 70 வயதுக்காரரிடம் கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும். ஒரே ஆளை ஆறு மாதத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பத்தணாவும் இன்னொருவருடைய பத்தணாவும் ஒன்றல்ல, ஊர்ச் சராசரி போடாதீர்கள்.

சரோஜா கோவை:
என் மாமியாரிடம் இன்று காலை கேட்டேன். ‘சந்தோஷம் முழுசா ஒரு ரூபாய்னா இப்ப எத்தனை அணா அத்தை?’ ‘உன் கையால காபி கிடைச்சா பன்னெண்டணா’ என்றார். இதிலும் அரசியல்.

வழிப்போக்கன்:
சிரித்துவிட்டேன். ஆனால் இதுவும் உங்களை நிறுத்திவைத்துக் கேட்டதுதானே :)

வேலூர் மகன்:
இடையில் புகுந்து கேட்கிறேன். அம்மாவுக்கு 86, மறதி நோய். என்னைச் சில நாள் தம்பி என்று நினைக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்கு இந்தப் படிவம் எதுவும் ஆகாது அல்லவா? மருத்துவமனையில் கேட்டால் என்னிடமே கேட்டு நிரப்புகிறார்கள். நான் சொல்வது அம்மாவின் நிலையா என் நிலையா என்று எனக்கே சந்தேகம்.

கணக்கு வாத்தியார்:
உங்கள் சந்தேகம் நியாயமானது. உறவினர் சொல்லும் மதிப்பெண், நோயாளி தானே சொல்வதைவிடப் பெரும்பாலும் குறைவாகவே வருகிறது. பார்த்துக்கொள்பவர் களைத்தோ சோர்ந்தோ இருந்தால் இன்னும் குறைகிறது. அதனால் உங்கள் பதிலை உங்கள் பதிலாகவே தனியாக எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

ஆரம்பக் கட்ட, நடுக்கட்ட மறதியில் இருப்பவர்கள் தங்களைப் பற்றி நன்றாகவே சொல்வார்கள். அதற்கென்று 13 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. நோயாளிக்கு ஒன்று, பராமரிப்பவருக்கு ஒன்று என்று இரண்டு பிரதி. முற்றிய நிலைக்கு, கடந்த ஒரு வாரம் கவனித்ததை மட்டும் வைத்து நிரப்பும் 11 வரிப் படிவம் வேறு. சிரிக்கிறாரா, அழுகிறாரா, சாப்பாட்டை ரசிக்கிறாரா, தொட்டால் பிடித்திருக்கிறதா, இப்படி. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமங்களிலேயே மறதி நோய் பற்றிப் பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. 10/66 என்ற பன்னாட்டுக் குழு சென்னை நகரையும் வேலூர்க் கிராமங்களையும் எடுத்துக்கொண்டது. குழு தொடங்கிய காலத்தில் உலகின் மறதி நோயாளிகளில் 66 சதவீதம் வளரும் நாடுகளில், ஆனால் ஆய்வில் பத்து சதவீதத்துக்கும் குறைவுதான் அவர்களைப் பற்றி என்பதைக் குறிக்கவே அந்தப் பெயர்.

யாழ் தென்றல்:
வேலூர் அண்ணா, காலையில் கவனியுங்கோ, பின்னேரம் கவனியாதீங்கோ. மறதி நோயாளர் பின்னேரம் ஆக ஆகக் குழம்புவினம். மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி போட்ட பிறகு கவனியுங்கோ. எங்கள் இல்லத்தில் ஓர் அம்மா ஒருத்தரோடும் கதைக்காமல் இருந்தவ. காதில் அடைத்திருந்த குறும்பியை எடுத்துவிட்டதும் கதைக்கத் தொடங்கிவிட்டா. அதுவரை தாளில் ‘சமூகத் தொடர்பு இல்லை’ என்றே இருந்தது.

தேனிக்காரி:
எல்லாவற்றையும் வைத்து ஒரு வடிவம் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் பார்த்தல், எடை, புண், கண், காது. இரண்டாம் பக்கத்தில் அஸ்காட்டின் எட்டு விஷயங்களையும் எங்கள் ஊர்ப் பேச்சில், மூன்றே பதிலோடு. சொல்வது அவரா, வீட்டாரா, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கடைசியில் அணா. மொத்தம் கூட்டுவதற்கு இடமே வைக்கவில்லை.

இரண்டு சந்தேகம். ஒன்று, சாவைப் பற்றிக் கேட்கலாமா? உலக சுகாதார நிறுவனத்தின் முதியோர் படிவத்தில் அதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. நிதி தருபவர்கள் வேண்டாம் என்கிறார்கள், பயனாளிகள் மனம் நோகுமாம். எங்கள் ஆச்சிகள் வேறு எதைப் பற்றியும் பேசுவதே இல்லை! எடுத்துப் போட யார் வருவார்கள், மகன் சவுதியிலிருந்து வந்து சேருவானா, சேலை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இரண்டு, வயது. ஆதாரில் பாதிப் பேருக்கு ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள். ஆண்டும் குத்துமதிப்பு. எண்பதா எண்பத்தெட்டா?

கணக்கு வாத்தியார்:
இரண்டாவதற்கு உங்களிடமே பதில் இருக்கிறது. வைகை அணை திறந்தது 1959. அப்போது கல்யாணம் ஆகியிருந்ததா, கையில் பிள்ளை இருந்ததா என்று கேளுங்கள். இரண்டு மூன்று வருடம் முன்னே பின்னே இருந்தாலும் பத்து வருடம் தப்பாது. 0-விலும் 5-லும் முடிகிற வயதுகள் நம் மக்கள்தொகைக் கணக்கில் குவிந்துகிடப்பதற்குக் காரணமே இப்படிக் கேட்காததுதான்.

சாவைப் பற்றி: கேளுங்கள். பயமா, தயாரா, யோசனையா என்று கேட்டால் அவர்கள் பேசுவார்கள். ‘எப்பக் கூப்பிடுவானோ’ என்பது அலுப்பா, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணமா என்று பிரித்தறிய வேண்டியது உங்கள் பொறுப்பு. அந்த ரேஷன் கடை ஆச்சியிடம் முதலில் அதைக் கேளுங்கள். சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா, அதற்கு ஏதாவது யோசித்தீர்களா என்று நேராகவே. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

யாரும் இன்னும் தொடாத ஒன்று. ஆறு மாதம் கழித்து அறிக்கை எழுதும்போது, இடையில் இறந்தவர்கள் கணக்கில் இருக்கமாட்டார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் மதிப்பெண் குறைவாக இருந்தவர்கள். மிச்சம் இருப்பவர்களின் சராசரி தானாக ஏறும். உங்கள் சேவையால் ஏறியது போலவே தெரியும். பெரிய ஆய்வுகளுக்கே இந்தச் சிக்கல் உண்டு. 95 வயதினர் இவ்வளவு நன்றாக இருக்கிறார்களே என்று வியக்கும்போது, நன்றாக இல்லாதவர்கள் 95-ஐ எட்டவில்லை என்பதும், ரொம்ப முடியாதவர்கள் கதவைத் திறந்து பேட்டி கொடுக்கவில்லை என்பதும் அந்த வியப்பில் கலந்திருக்கிறது. ஆகவே இரண்டு முறையும் பார்த்தவர்களை மட்டும் ஆளுக்கு ஆள் ஒப்பிடுங்கள், இறந்தவர்களின் முதல் மதிப்பெண்ணையும் பக்கத்திலேயே காட்டுங்கள்.

இன்னொன்று, இந்த வயதில் பார்த்தல் இறங்காமல் நின்றாலே நல்ல சேதி. ஏறவில்லையே என்று கேட்பார்கள். இப்போதே எழுதி அனுப்பிவிடுங்கள்.

தேனிக்காரி:
ரேஷன் கடை ஆச்சியிடம் நேற்று தனியாகப் பேசினேன் ஐயா. அப்படி எண்ணம் எதுவும் இல்லை. தங்கச்சி பெரியகுளத்தில் இருக்கிறார், பஸ் ஏற முடியாததால் போய்ப் பார்த்து வருஷக்கணக்காகிறது, அதுதான் அரிக்கிறது. எங்கள் வண்டி மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் போகிறது. அடுத்த தடவை கூட்டிப்போகிறோம்.

நிதி தருபவர்களுக்கு இரண்டு பக்கப் படிவத்தை அனுப்பினேன். ஒரே எண் எங்கே என்று பதில் வந்திருக்கிறது. பார்த்தலை மட்டும் அனுப்பி, மற்றதை இணைப்பாக வைப்பதாக எங்கள் செயலாளர் சொல்கிறார். எனக்கு அதில் சம்மதமில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

வழிப்போக்கன்:
இணைப்பை யாரும் படிக்கமாட்டார்கள். பார்த்தல், அஸ்காட், அணா என்று மூன்று எண்ணாக அனுப்புங்கள், நான்காவதாக ஒரு வரி, அவர் சொன்னதை அப்படியே. அவர்கள் கூட்டிக்கொள்ள வேண்டுமானால் அவர்களே கூட்டட்டும்.

பிசியோ பாண்டி:
மேடம், அந்தப் படிவத்தை இங்கே ஏற்றுங்கள், உசிலம்பட்டியில் எனக்கும் வேண்டும். மாடிப்படி கேள்வியை எடுத்துவிட்டீர்களா, இல்லை வாசல்படி என்று மாற்றினீர்களா?

தேனிக்காரி:
எடுக்கவில்லை, மாற்றவும் இல்லை தம்பி. மாற்றினால் அது பார்த்தல் இல்லை என்று வாத்தியார் ஐயா தனிமடலில் சொல்லிவிட்டார். வாசல்படிக்குத் தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். முதல் சுற்று முடிந்ததும் ஏற்றுகிறேன்.